லொசாட்டன் வரும்வரை: ஒரு பிரஷர் நோயாளியும் ஏறிக்கொண்டே போன சீனியும்

2024 பெப்ரவரியில் ஒரு பின்னேரம், கொட்டாஞ்சேனையில் உள்ள என் டிஸ்பென்சரிக்கு வந்தவர் கதிரையில் இருக்க முன்னமே ஒரு கொப்பியை மேசையில் வைத்தார். பழுப்புத் தாள் உறை, அதற்கு மேல் பொலித்தீன், முதல் பக்கத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார் படம். அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிற நம்மவர்கள் எல்லோர் கையிலும் இருக்கும் அதே கொப்பிதான்.

"டொக்டர், சீனிக்கு இன்னொரு குளிசை எழுதியிருக்கினம். இது ரெண்டாவது. போடுறதோ விடுறதோ எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ."

எழுதியிருந்தது கிளிக்ளசைட். ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் கொப்பியைத் திறந்தேன். 2019 வரை பின்னோக்கிப் புரட்டி முடிக்கையில் வெளியே காத்திருந்தவர்களில் இருவர் எழும்பிப் போய்விட்டார்கள். அந்தப் புரட்டலில் கண்டதை நோயாளியின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். அவர் இன்னார் என்று தெரியவரக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

கொப்பியில் இருந்தது

ஆளுக்கு 58 வயது. புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறார். புகைப்பதில்லை, குடிப்பதில்லை. தகப்பனுக்குச் சலரோகம் இருந்தது. கடைசிக் காலத்தில் கால்விரல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. இந்தக் குடும்பக் கதையை மறக்காமல் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

2019 யூலையில் பிரஷர் 158/96. இரண்டு கிழமை விட்டுப் பார்த்தபோது 154/94. லொசாட்டன் 50 மி.கி. தொடங்கியிருக்கிறார்கள். அப்போது வெறுவயிற்றுச் சீனி 98, எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுவது) 5.6 சதவீதம், எடை 68 கிலோ, உயரம் 165 சென்ரிமீற்றர். 2021 கடைசியில் பிரஷர் 136/84, வெறுவயிற்றுச் சீனி 102, ட்ரைகிளிசரைட் (இரத்தக் கொழுப்பில் ஒரு வகை) 151, எடை 68.5. இரண்டரை வருடத்தில் சீனி நாலு புள்ளி ஏறியிருக்கிறது. தகப்பனின் வழி மெல்லத் திறக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

2022 மே மாதப் பக்கத்தில் கையெழுத்து மாறுகிறது. அந்த மாதம் கொழும்பு எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றோலுக்கு ஒரு வரிசை, காஸ் சிலிண்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கடையில் "இல்லை" என்ற ஒரே பதில். இவரும் லொசாட்டனுக்காக மூன்று நான்கு கடை ஏறி இறங்கியிருக்கிறார். கிளினிக்கில் கைவசம் இருந்தது அற்றினோலோல் 50 மி.கி. (பீட்டாத் தடுப்பு வகைப் பிரஷர் குளிசை), ஹைட்ரோகுளோரோதயசைட் 25 மி.கி. (எல்லோரும் எச்சிடி என்று சொல்வது, தயசைட் வகை நீர்க்குளிசை). இரண்டையும் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சிறு குறிப்பும் போட்டிருந்தார் அந்த வைத்தியர். அதன் பொருள்: "லொசாட்டன் வரும்வரை."

அந்த வைத்தியரில் நான் ஒரு பிழையும் காணவில்லை. மருந்தே இல்லாமல் 158இல் ஆளை வீட்டுக்கு அனுப்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். அன்று நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அடுத்த பக்கத்தில் மருந்துகளின் பெயர்கள் மட்டும் வந்திருக்கின்றன, "வரும்வரை" வரவில்லை. அதற்கடுத்த பக்கத்தில் பெயரும் இல்லை, "ரிப்பீட் ஓல்" என்று இரண்டே சொல். பிரஷர் 130/80. மருந்து வேலை செய்கிறது, எல்லோருக்கும் நிம்மதி.

2022 நவம்பர்: வெறுவயிற்றுச் சீனி 114, ட்ரைகிளிசரைட் 226, எடை 71. கொழுப்புக்கு அட்டோவாஸ்டட்டின் 20 மி.கி. சேர்ந்தது.

2023 ஜனவரிப் பக்கத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அது என் கையெழுத்து. இருமலுக்கு வந்தவர், கிளினிக் போக முடியவில்லை, இரண்டு மாதத்துக்கு மருந்து எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். "பிரஷர் நல்லம். அதே மருந்து தொடர்க" என்று எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன். நாடித்துடிப்பு 54 என்றும் நானே குறித்திருக்கிறேன். குறித்துவிட்டு, ஏன் 54 என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

பிறகு விஷயம் வேகமாகப் போகிறது. 2023 ஓகஸ்ற்றில் வெறுவயிற்றுச் சீனி 131, திரும்பப் பார்த்தபோது 129, எச்பிஏ1சி 6.8. சலரோகம் என்று எழுதி, மெட்போமின் 500 மி.கி. காலையும் மாலையும். டிசம்பரில் வலது காலின் பெருவிரல் வீங்கிச் சிவந்து, பெற்சீற் பட்டாலே உயிர் போகிற வலி. கடையில் டைக்ளோபெனாக் வாங்கி ஒரு கிழமை போட்டிருக்கிறார். 2024 ஜனவரியில் எச்பிஏ1சி 7.1. அதற்குத்தான் கிளிக்ளசைட்.

ஒரு குளிசையோடு தொடங்கியவர் ஐந்தாவது எழுதப்பட்ட நிலையில் என் முன்னால் இருந்தார்.

ஆளைப் பார்த்தபோது

நாடி நிமிடத்துக்கு 50, ஒழுங்காக. பிரஷர் 128/78. எடை 73.2 கிலோ, இடுப்புச் சுற்றளவு 97 சென்ரிமீற்றர். தென்னாசிய ஆண்களுக்கு 90ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். இடுப்புப் பட்டியில் பழைய துளை ஒன்று இழுபட்டு நீள்வட்டமாகியிருந்தது. இப்போது போடுவது அதிலிருந்து இரண்டு துளை தள்ளி. கையைப் பிடித்தால் பெப்ரவரி வெக்கையிலும் குளிர்ந்திருந்தது.

களைப்பாக இருக்கிறதா என்று கேட்டேன். "களைப்பு எண்டில்லை டொக்டர். எங்கட வீடு மூண்டாம் மாடி. ஏறேக்க ரெண்டு காலும் ஈயம் மாதிரி. முந்தி கடைக்கு நடந்து போறனான், இப்ப ஓட்டோதான்." எப்போதிருந்து? "அந்த பெற்றோல் இல்லாத வருஷம் நடந்துதான் திரிஞ்சன். அதுக்குப் பிறகுதான்..." என்று இழுத்தார். பெற்றோல் இல்லாத வருடம் எல்லோரும் மெலிந்தார்கள். இவருக்கு மட்டும் எடை ஏறியிருக்கிறது.

கூட வந்திருந்த மனைவிக்குக் கோபம். "இவருக்கு நான் இரவில நாலு இடியப்பத்துக்கு மேல வைக்கிறேல்லை. பிளேன்டீக்குச் சீனியும் இல்லை. கிளினிக்கில போனா, நீங்கள் களவா இனிப்புச் சாப்பிடுறீங்கள் எண்டு பேச்சு விழுது." ஒரு கிழமைச் சாப்பாட்டை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். வந்தது. மதியச் சோறு கொஞ்சம் கூட, வெள்ளை மா இடியப்பத்தைக் குரக்கனுக்கோ சிவப்பரிசி மாவுக்கோ மாற்றலாம், கடையில் பின்னேரம் சாப்பிடும் ரோல்ஸை விடலாம். ஆனால் இரண்டு வருடத்தில் ஐந்து கிலோ ஏற்றும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இரத்தப் பரிசோதனையில் பொற்றாசியம் 3.3, யூரிக் அமிலம் 8.4, ட்ரைகிளிசரைட் 248, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 33. சிறுநீரகம் சரி, தைரொயிட் சரி. ஈசிஜியில் துடிப்பு மெதுவாக இருந்ததைத் தவிர வேறு குறை இல்லை. நெஞ்சு நோவோ, பழைய மாரடைப்போ, துடிப்புக் கோளாறோ இருந்ததற்கான தடயமும் இல்லை. அதாவது அற்றினோலோலை நிறுத்தக் கூடாது என்று சொல்லக்கூடிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. இதை முதலில் தேடாமல் பீட்டாத் தடுப்பு மருந்தில் கை வைக்கக் கூடாது.

பொற்றாசியம் குறைவு, யூரிக் அமிலம் கூட, பெருவிரல் வலி, ட்ரைகிளிசரைட் ஏற்றம், எடை, ஈயக் கால், குளிர்ந்த கை, சீனி. ஒவ்வொன்றையும் தனித்தனி வருத்தமாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குளிசை உண்டு. 2022 மேக்குப் பிறகு வந்தவை என்று ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது.

பிரஷர் குளிசைக்கும் சீனிக்கும் என்ன தொடர்பு

சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சேரும் சீனியில் பெரும் பங்கை இன்சுலினின் சொற்கேட்டு உள்ளே எடுப்பது எலும்புத் தசை. தொடை, கெண்டைக்கால், முதுகு. இன்சுலின் அங்கே போய்ச் சேர, தசையின் நுண்குழாய்கள் திறந்து இரத்தம் ஓட வேண்டும். அற்றினோலோல் போன்ற பழைய பீட்டாத் தடுப்பு மருந்துகள் இதயத்தின் வேகத்தையும் வீச்சையும் குறைத்துப் பிரஷரை இறக்குகின்றன. கை கால் ஓரக் குழாய்களைத் தளர்த்துவதில்லை. தசைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, இன்சுலினும் சீனியும் அங்கே குறைவாகவே போய்ச் சேருகின்றன. குளிர்ந்த கையும் ஈயக் காலும் அதே கதையின் வெளிப்பக்கம்.

அதோடு முடியவில்லை. சதையியின் பீட்டாக் கலங்கள் இன்சுலினை விடுவதற்குத் தூண்டுகோலாக இருப்பவற்றில், இந்த மருந்துகள் அடைக்கும் பீட்டா ஏற்பிகளும் உண்டு. அவை அடைபட்டால் சாப்பிட்டவுடன் வர வேண்டிய முதல் அலை மந்தமாகிறது. அற்றினோலோல் பெரும்பாலும் இதயத்து ஏற்பிகளையே தேடிப் பிடிப்பது என்றாலும், அந்தத் தேர்வு நூறு வீதம் சுத்தமானதல்ல. அளவு கூடக் கூடக் கலங்கிவிடும். இரத்தக் கொழுப்பை உடைக்கும் நொதியின் வேலையும் தளர்கிறது, அதனால் ட்ரைகிளிசரைட் ஏறி எச்டிஎல் இறங்குகிறது. சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் சக்தியும் கொஞ்சம் குறைகிறது. ஆய்வுகளில் சராசரி எடை ஏற்றம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். ஆனால் சராசரி என்பது நடையை விட்டு ஓட்டோ பிடித்தவரையும் விடாதவரையும் சேர்த்துக் கலக்கிய எண். ஐந்து கிலோவும் மருந்து போட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து காலைப் பாரமாக்கியது, பாரமான கால் ஓட்டோவைத் தேடியது என்று சொல்வேன்.

எச்சிடியின் வழி வேறு, அது பொற்றாசியத்தின் ஊடாகப் போகிறது. சிறுநீரோடு பொற்றாசியம் இழக்கப்பட்டு இரத்தத்தில் குறைந்தால், பீட்டாக் கலத்தை உசுப்பி இன்சுலின் விட வைப்பது கடினமாகிறது. எனக்கு மாணவப் பருவத்திலிருந்தே பிடித்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. தயசைட்டின் நெருங்கிய உறவுக்கார மருந்து ஒன்று உண்டு, டயசொக்சைட். அது சிறுநீரைக் கூட்டாது. பீட்டாக் கலத்தின் பொற்றாசிய வாசலைத் திறந்து வைத்து இன்சுலினை நிறுத்தும். இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து சீனி விழுந்து போகும் நோயாளிகளுக்கு, குழந்தைகள் உட்பட, அதையே மருந்தாகக் கொடுக்கிறோம். ஒரே குடும்பத்தில் ஒருவரின் பக்கவிளைவு இன்னொருவருக்குத் தொழில். தயசைட் யூரிக் அமிலத்தையும் உடலில் தங்க வைக்கும், அது மூட்டில் படிந்தால் கவுட் என்ற வலி வரும். பெருவிரலின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

லொசாட்டன் இதற்கு மறுபக்கம் நிற்கிறது. அஞ்சியோரென்சின் என்ற பொருள் குழாய்களை இறுக்குவதோடு நிற்காமல், தசைக் கலத்துக்குள் இன்சுலினின் சமிக்ஞையையும் குழப்புகிறது. அதன் ஏற்பியை அடைத்தால் அந்தக் குழப்பம் குறைகிறது, பொற்றாசியமும் தங்குகிறது. லொசாட்டனுக்கு மட்டும் ஒரு தனிக் குணமும் உண்டு: சிறுநீரோடு யூரிக் அமிலத்தை வெளியேற்றும். எனவே 2022இல் நடந்த மாற்றத்தில் இவருக்கு இரட்டை நட்டம். சீனியை ஏற்றக்கூடிய இரண்டு வந்தன. காவல் நின்ற ஒன்று போனது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

பெரிய ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. 2002இல் வந்த லைஃப் ஆய்வில் லொசாட்டன் எடுத்தவர்களில் புதிதாகச் சலரோகம் வந்தது அற்றினோலோல் எடுத்தவர்களைவிட 25 சதவீதம் குறைவு. 2005இல் அஸ்கொட்: 19,257 பேர், அம்லோடிபின் (குழாய்களைத் தளர்த்தும் வேறொரு பிரஷர் குளிசை) பக்கத்தில் புதிய சலரோகம் 30 சதவீதம் குறைவு, எதிர்ப்பக்கத்தில் இருந்தது அற்றினோலோலும், தேவைப்பட்டால் ஒரு தயசைட்டும். நம் ஆளின் கொப்பியில் இருந்த அதே சோடி. 2006இல் பிரித்தானிய வழிகாட்டல் பீட்டாத் தடுப்பு மருந்துகளைச் சாதாரணப் பிரஷரின் முதல் வரிசையிலிருந்து இறக்கியது. 2021இல் லான்செற் சஞ்சிகையில் வந்த தொகுப்பாய்வு, மருந்து எடுக்காதவர்களோடு ஒப்பிட்டு, பீட்டாத் தடுப்பில் சலரோக ஆபத்து 48 சதவீதம் கூட, தயசைட்டில் 20 சதவீதம் கூட, லொசாட்டன் வகையில் 16 சதவீதம் குறைவு, அம்லோடிபின் வகையில் பெரிதாக மாற்றமில்லை என்று கணித்தது.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்து ஒருவரும் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. அதே தொகுப்பாய்வுதான், மேல் பிரஷரை 5 புள்ளி இறக்கினால் சலரோக ஆபத்தே 11 சதவீதம் குறைகிறது என்றும் சொன்னது. அமெரிக்காவின் ஓல்ஹற் ஆய்வில் நான்கு வருடத்தில் புதிய சலரோகம் தயசைட் வகையான குளோர்தலிடோன் பக்கத்தில் 11.6 சதவீதம், அம்லோடிபினில் 9.8, லொசாட்டனின் உறவு வகையான லிசினோப்ரிலில் 8.1. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நூறு பேரில் மூன்றரைப் பேர். மாரடைப்பு, மரணம் என்று எண்ணிப் பார்த்தபோது குளோர்தலிடோன் மற்ற இரண்டுக்கும் தாழ்ந்து போகவில்லை. இதயச் செயலிழப்பில் மேலாகவே நின்றது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1998இல் வந்த பிரித்தானியச் சலரோக ஆய்வு. ஏற்கெனவே சலரோகம் உள்ளவர்களில் ஒரு பகுதிக்கு அற்றினோலோல், இன்னொரு பகுதிக்கு லிசினோப்ரிலின் வகையான கப்டோப்ரில். ஒன்பது வருடத்தில் அற்றினோலோல் பக்கம் 3.4 கிலோ ஏறியது, மற்றப் பக்கம் 1.6 கிலோ. முதல் நான்கு வருடத்தில் எச்பிஏ1சி 7.5க்கு எதிராக 7.0. சீனிக்கு மேலதிக மருந்து தேவைப்பட்டவர்கள் 66 சதவீதத்துக்கு எதிராக 53. இவ்வளவு இருந்தும், கண், சிறுநீரகம், இதயம் என்று கடைசியில் எண்ணியபோது இரண்டு பக்கமும் ஒன்று. பிரஷரை இறக்கியது இருவரையும் ஒரே மாதிரிக் காப்பாற்றியது. அப்படியானால் அற்றினோலோல் எடுத்தவர் இழந்தது என்ன? மேலதிகக் குளிசைகள், மேலதிக எடை, இன்னும் கொஞ்சம் பாரமான கால். ஆய்வுத் தாளில் இவை சிறிய விஷயம். மூன்றாம் மாடியில் குடியிருப்பவருக்கு அப்படியல்ல.

எதிர்ப்பக்கத்தையும் பெருப்பித்துச் சொல்லக் கூடாது. 2006இல் ட்ரீம் ஆய்வில், சீனி எல்லையில் நின்ற 5,269 பேருக்கு மூன்று வருடம் அதே வகையான ராமிப்ரில் கொடுத்தும், சலரோகம் வருவது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சிலருடைய சீனி சாதாரண நிலைக்குத் திரும்பியது, அவ்வளவுதான். பிரஷர் இல்லாதவருக்குச் சீனியைத் தடுக்க இந்த வகைக் குளிசை எழுதுவது வீண். பீட்டாத் தடுப்பு எல்லாம் ஒரே ரகமும் அல்ல. கார்விடிலோல் குழாய்களையும் தளர்த்துவதால், 2004இல் மெட்டோப்ரோலோலோடு ஒப்பிட்டபோது எச்பிஏ1சியை ஏற்றாமல் நின்றது. மாரடைப்பு வந்தவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் பீட்டாத் தடுப்பு உயிர் காக்கும் மருந்து. அவர்களிடம் சீனிக் கணக்குப் பார்க்க நான் வரமாட்டேன்.

செய்தது

முதலில் செய்தது, கிளிக்ளசைட்டைத் தொடங்காமல் விட்டது. எச்பிஏ1சி 7.1 என்பது மூன்று மாதம் பொறுக்கக்கூடிய எண். பொறுக்க வேண்டிய காரணமும் ஒன்றிருந்தது. இவர் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிப்பவர், பகலில் தண்ணீரும் பழச்சாறும்தான். கிளிக்ளசைட் சதையியைக் கசக்கி இன்சுலினை வெளியே தள்ளும். வயிற்றில் ஒன்றும் இல்லாத நேரத்திலும் தள்ளும். சீனி விழும்போது உடல் எச்சரிப்பது படபடப்பாலும் கைநடுக்கத்தாலும். அந்த இரண்டையும் அற்றினோலோல் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். கொழும்பில், மூன்றாம் மாடிப் படிக்கட்டில், ஒருவருக்கு வியர்த்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

எச்சிடியை அன்றே நிறுத்தி, லொசாட்டன் 50ஐத் திரும்பக் கொண்டுவந்தேன். குறைந்த அளவில், 12.5இல், எச்சிடியை வைத்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வேறு நோயாளியாக இருந்தால் நானும் வைத்திருப்பேன். 3.3 பொற்றாசியமும் பெருவிரலும்தான் தீர்மானித்தன. அற்றினோலோலை அப்படிச் சட்டென்று நிறுத்த முடியாது. மாதக்கணக்கில் மூடியிருந்த ஏற்பிகள் திடீரென்று திறந்தால் நாடி பாயும், பிரஷர் துள்ளும், மறைந்திருந்த இதய நோய் வெளியே வரலாம். இரண்டு கிழமை 25, பிறகு இரண்டு கிழமை அதில் பாதி, பிறகு நிறுத்தம். மனைவி காய்கறிக் கத்தியால் குளிசையைப் பாதியாக வெட்டி, கிளினிக்கில் தரும் சின்னக் காகித உறைகளில் திகதி எழுதிப் போட்டு வைத்தார். அந்த ஒழுங்கு எந்த வைத்தியசாலையிலும் கிடையாது.

ஐந்தாம் கிழமை வீட்டில் எடுத்த பிரஷர் 146/88. அம்லோடிபின் 5 மி.கி. சேர்த்தேன். 132/80க்கு இறங்கியது.

மெட்போமினையும் அட்டோவாஸ்டட்டினையும் மூன்று மாதம் தொடவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஸ்டட்டின் வகையும் சீனியைச் சிறிதளவு ஏற்றக்கூடியதுதான், எனக்குத் தெரியும். ஆனால் இந்த எச்டிஎல்லும் இந்தக் குடும்பக் கதையும் உள்ளவருக்கு அது தரும் காப்பு பெரிது, அதனால் விட்டேன்.

பிறகு நடந்தது

2024 மேயில் வந்தபோது நாடி 72. கை சூடாக இருந்தது. அவர் சொல்ல முன்னமே மனைவி சொன்னார்: "இப்ப எனக்கு முன்னால ஏறிப் போறார் டொக்டர்." எடை 71.4, பொற்றாசியம் 4.2, யூரிக் அமிலம் 6.6, ட்ரைகிளிசரைட் 182, வெறுவயிற்றுச் சீனி 113, எச்பிஏ1சி 6.5. ஓகஸ்ற்றில் எடை 70, எச்பிஏ1சி 6.2. மெட்போமினை ஒரு நேரமாகக் குறைத்தோம். ஒக்டோபர் கடைசியில், சஷ்டி தொடங்க முன்னர், அதையும் நிறுத்தினோம். நவம்பரில் ஆறு நாளும் பிடித்து முடித்தார், ஒரு சிக்கலும் இல்லை.

2025 பெப்ரவரியில், மெட்போமின் இல்லாமல் மூன்று மாதத்துக்குப் பிறகு, எச்பிஏ1சி 6.3, வெறுவயிறு 108. குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது 166. 2021இல் நிபுணர்கள் சேர்ந்து வைத்த வரைவிலக்கணப்படி, மருந்தில்லாமல் மூன்று மாதம் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே நின்றால் சலரோகம் தணிந்திருக்கிறது என்று சொல்லலாம். தாளில் அப்படித்தான் எழுத வேண்டும். 166 என்ற எண்ணோ, தகப்பனின் சொத்து இன்னும் கையில் இருக்கிறது என்கிறது. பத்து வருடம் கழித்து வந்திருக்கக்கூடிய ஒன்றை இரண்டு குளிசைகள் சேர்ந்து முன்னுக்கு இழுத்தன என்பது என் கணிப்பு. நிரூபணம் இல்லை. சாப்பாட்டை எழுதச் சொன்னதே சாப்பாட்டை மாற்றியிருக்கும். கால் இலேசானதும் நடை திரும்பியது, நடையே இன்சுலினின் வேலையில் ஒரு பங்கைச் செய்யும். நிரூபிக்க வேண்டுமென்றால் அற்றினோலோலைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதைக் கேட்க எனக்கும் துணிவில்லை, அவருக்கும் விருப்பமில்லை.

ஏப்ரலில் பின்னேரங்களில் கணுக்கால் வீங்குகிறது என்று வந்தார். அம்லோடிபின் செய்யும் வேலை. இதற்கு ஒரு நீர்க்குளிசை எழுதிவிடுவது மிக இலகு, ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவருக்கு எங்கோ எழுதப்படுகிறது, பிறகு அந்தக் குளிசையால் பொற்றாசியம் குறையும், கதை முதலிலிருந்து தொடங்கும். அம்லோடிபினை 2.5 ஆக்கி, லொசாட்டனை 100க்கு ஏற்றினேன். வீக்கம் வடிந்தது, பிரஷர் 134/80இல் நிற்கிறது.

அன்று அவர் புதிய கொப்பி ஒன்றும் கொண்டு வந்திருந்தார். பழையது முடிந்துவிட்டது, அதே பழுப்பு உறை, அதே பொலித்தீன், அதே பிள்ளையார். "பழசில இருந்து எதை டொக்டர் இதுக்கு எடுத்து எழுதுறது?" என்று கேட்டார். பேனாவை வாங்கி, பிள்ளையாருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதினேன்: "அற்றினோலோல், எச்சிடி: 2022 மே தொடங்கியது, லொசாட்டன் கிடைக்காததால். 2024 பெப்ரவரி தொடக்கம் மார்ச் வரை நிறுத்தியது, சீனியும் யூரிக் அமிலமும் ஏறி, பொற்றாசியம் குறைந்து, நாடி 50க்கு வந்ததால்." அதன் கீழே, 2023 ஜனவரியில் போட்ட அதே ஒப்பம்.